எட்டு மணி விசாரணை

கல்ஃபில் எங்கள் அறையில் மூன்று அப்பாக்கள் இருந்தோம். மூன்று பேருக்கும் ஊர் கன்னியாகுமரி மாவட்டம். ஆளுக்கு ஒரு கட்டில், ஒரு அலமாரி, ஒரு செல்போன். பிள்ளை வளர்ப்பதற்கு எங்களிடம் இருந்த சாமான் அவ்வளவுதான். வேலை முடிந்து வந்து குளித்து, ஊரில் மணி எட்டு ஆகும் நேரத்தில் அவரவர் கட்டிலில் சாய்ந்துகொண்டு வீட்டுக்கு வீடியோ கால் போடுவோம்.

நான் ஏசி மெக்கானிக். பகல் முழுக்க மொட்டை மாடிகளில் வெந்துவிட்டு வந்தவன், இடுப்பில் கைலியும் மேலே இஸ்திரி போட்ட காலர் சட்டையுமாக உட்கார்ந்திருப்பேன். அந்தச் சட்டை என் மனைவியின் உத்தரவு.

"பனியனோட உக்காந்து ஏசினா பிள்ளைக்கு ஒரு பயம் வராது, கேட்டியளா. நல்ல சட்டையா ஒண்ணு போட்டுக்கிட்டு ஏசுங்க."

எங்கள் வீட்டு முறை அது. மகள் பகலில் என்ன குறும்பு செய்தாலும் மனைவி அவளை அடிக்க மாட்டாள், பெரிதாக ஏசவும் மாட்டாள். "அப்பா எட்டு மணிக்கு வரட்டும்" என்று மட்டும் சொல்வாள். பால் குடிக்காமல் வாழைமூட்டில் ஊற்றியது, டீச்சருக்கு எதிர்ப்பேச்சு பேசியது, சொல்லாமல் கொள்ளாமல் பக்கத்துத் தோட்டத்துக்குப் போனது, எல்லாம் எட்டு மணி வரை சேர்ந்துகொண்டே இருக்கும். முதலில் மனைவி அடுக்களையில் நின்று குரலைத் தாழ்த்திக் குற்றப் பத்திரிகை வாசிப்பாள். அப்புறம் போன் மகள் கைக்குப் போகும். இரட்டைச் சடையும், விழுந்த பல்லுமாக அவள் முகம் திரையில் வரும்போது எனக்குச் சிரிப்பு பொங்கும். சிரிக்க முடியாது. அதற்குள் நான் புருவத்தைச் சுருக்கியாக வேண்டும்.

நன்றாகவே சுருக்குவேன். "ஊருக்கு வந்தேன்னா தோல உரிச்சிருவேன்" என்று நான் சத்தம் போட்டால் அடுத்த அறையில் டிவி சத்தத்தைக் குறைப்பார்கள். மகள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கீழே பார்ப்பாள். "இனிமே செய்ய மாட்டேன் அப்பா" என்பாள். போன் மறுபடி மனைவியிடம் போகும். நாங்கள் கரண்ட் பில், தேங்காய் விலை பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுவோம்.

அடுத்த கட்டில்காரர் கடியப்பட்டணத்தில் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போய்க்கொண்டிருந்துவிட்டு டிரைவர் வேலைக்கு வந்தவர். அவருக்கு ஏசவே தெரியாது. அவர் மனைவி புகார் சொன்னால், "இங்கேருந்து நான் என்னத்த ஏச? அங்கதான கெடக்கான், நீயே ரெண்டு சொல்லு" என்று தள்ளிவிடுவார். அப்புறம் மகனிடம், யார் வள்ளத்தில் என்ன மீன் பட்டது, யார் யாரோடு சண்டை என்று பொரணி கேட்க ஆரம்பித்தால் மணிக்கணக்கில் போகும். போனை வைக்கும்போது அந்தப் பயல் அழுவான். மூன்றாவது ஆள் ஜெபக்காரர். பிள்ளைகள் தினமும் மனப்பாட வசனம் ஒப்பிக்க வேண்டும், தப்பினால் முதலிலிருந்து. அவருடைய சின்னவன் ஒரு தந்திரம் கண்டுபிடித்தான். வசனம் மறந்துபோனால், நெட்வொர்க் நின்றுவிட்டது போல வாயைப் பாதி திறந்து ஆடாமல் அசையாமல் உட்கார்ந்துவிடுவான். "சவம், நெட்டு போச்சு" என்று இவரும் வைத்துவிடுவார். ஒருநாள் பையனுக்குப் பின்னால் ஃபேன் காற்றில் ஜன்னல் திரை ஆடுவதைக் கடியப்பட்டணத்துக்காரர் காட்டிக் கொடுத்தார். அன்று நாங்கள் சிரித்த சிரிப்பில் வசனக்காரரும் கோபத்தை மறந்து சிரித்துவிட்டார்.

என்னைப் பார்த்துத்தான் கடியப்பட்டணத்துக்காரர் ஒருமுறை சொன்னார். "நல்லா நடிக்கேரு வே. ஆனா பிள்ளைக்கு அது நடிப்புன்னு தெரியுமா?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மறுநாள் எட்டு மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டேன்.

பிறகு கம்பெனியில் வேலை குறைந்து, நான் ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டேன். புதுக்கடை பக்கத்தில் எங்கள் வீடு. மகள் அப்போது நாலாம் கிளாஸ். லீவுக்கு வந்த நாட்களெல்லாம் விருந்தும் கல்யாண வீடுமாக ஓடிப்போனதால் எனக்கு எதுவும் பிடிபட்டிருக்கவில்லை. இந்த முறைதான் பார்த்தேன். நான் அறைக்குள் நுழைந்தால் அவள் எழுந்து நின்றுவிடுகிறாள். நான் சாப்பிட உட்கார்ந்தால் அவளுக்கு வயிறு நிறைந்துவிடுகிறது. வாசலில் என் பைக் சத்தம் கேட்டால் உள்ளே அவள் பாட்டு நிற்கிறது. அம்மாவிடம் வாயாடி, சண்டைக்காரி, உருண்டு புரண்டு அடம் பிடிக்கிற பிள்ளை. என்னிடம் ஊமை.

வந்த மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ, ராத்திரி சும்மாதான் கூப்பிட்டேன். "மக்கா, இஞ்ச வா."

வந்தாள். கைகளைப் பின்னால் கட்டினாள். தரையைப் பார்த்துக்கொண்டு மளமளவென்று சொல்ல ஆரம்பித்தாள். "இன்னைக்கி இட்லிய தட்டுல வச்சிட்டுப் போயிட்டேன். ஸ்கேல ஒடச்சிட்டேன். அம்ம கூப்பிட்டப்போ கேக்காத மாதிரி இருந்தேன். இனிமே செய்ய மாட்டேன் அப்பா."

மணியைப் பார்த்தேன். எட்டு ஆகியிருந்தது. ஆசையாகப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளக் கூப்பிட்ட எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "செரி, போ" என்றேன். தப்பித்தோம் என்று ஓடினாள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே ஒரு ஆசைதான். இந்தப் பிள்ளை யாரும் கூப்பிடாமல் தானாக என்னிடம் வந்து ஏதாவது ஒன்று பேச வேண்டும். என்ன பேசினாலும் சரி. சாக்லேட் வாங்கிக் கொடுத்தேன். "தேங்க்யூ அப்பா" என்று வாங்கிக்கொண்டு, என் முன்னால் சாப்பிடாமல் கொண்டுபோனாள். யானை போல நடந்து காட்டினேன். பயந்து அம்மாவைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் கொண்டு விடுகிறேன் என்றேன். பைக்கில் எனக்கும் அவளுக்கும் நடுவில் புத்தகப் பையை வைத்துக்கொண்டு, பின்கம்பியைப் பிடித்தபடி வந்தாள். கேட்டில் இறங்கியதும் அவள் பேச்சு திரும்ப வந்துவிட்டது. கூட்டாளிகளோடு கத்திக்கொண்டே உள்ளே போனாள்.

எனக்கு வயிற்றெரிச்சல் மூட்டியது பக்கத்து வீட்டில் இருக்கும் என் அண்ணன். அண்ணனுக்குச் சட்டென்று கை நீண்டுவிடும். கோபம் வந்தால் கையில் கிடைத்ததை எடுத்து மகனை விளாசிவிடுவான். அந்தப் பயலும் லேசுப்பட்டவன் இல்லை. கம்பு மேலே படுவதற்கு முன்பே ஊர் கேட்க அலறுவான், என் மனைவி ஓடிப்போய்த் தடுக்கட்டும் என்று. பொய்யும் சரளமாக வரும். ஆனால் சாயங்காலம் பார்த்தால் அதே பயல் அண்ணன் தோளில் சாய்ந்துகொண்டு கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருப்பான், அண்ணன் அவனுக்குப் பலாச்சுளை உரித்துக் கொடுத்துக்கொண்டிருப்பான். நாளும் அடி வாங்குகிறவன் அப்பா தோளில் சாய்கிறான். இதுவரை ஒரு அடிகூட வாங்காத என் மகள் என்னைக் கண்டால் ஒதுங்குகிறாள். இது என்ன நியாயம் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

கம்பு நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. அடிக்குப் பயந்தே அந்தப் பிள்ளை பொய்யில் தேறிவிட்டான், அதை அண்ணனிடம் சொல்லிச் சண்டையும் போட்டிருக்கிறேன். ஆனால் அவனுக்குக் கிடைத்தது முழு அப்பா. அடிக்கிறதும் அவர்தான், பலாச்சுளை உரிக்கிறதும் அவர்தான். என் மகளுக்கு இத்தனை வருடம் நான் அனுப்பியது ஏசுகிற பாதியை மட்டும். மற்ற பாதி கல்ஃபில் அறையிலேயே, கைலியோடு உட்கார்ந்திருந்தது.

மனைவியிடம் சொல்லிவிட்டேன். "இனிமே அவ தப்பு பண்ணினா அங்கேயே நீ கேட்டுக்க. எட்டு மணிக்கு எங்கிட்ட கொண்டு வராத."

அவள் விடவில்லை. "இப்போ நல்லவரா ஆகப் பாக்கியளா? இத்தற வருஷம் ஒத்தைக்கி இவளோட மல்லு கட்டினது நான். காய்ச்சல்ல தூக்கிட்டு ஓடினது நான். அடிக்க எனக்கு மனசு வராது. எங்கையில இருந்த ஒரே ஆயுதம் நீங்கதான். அதையும் புடுங்கினா நான் என்னத்தக் கொண்டு இவள அடக்க?"

அவள் சொன்னதிலும் ஒரு பொய் இல்லை. ஆனாலும் அன்றைக்குப் பிறகு எட்டு மணிப் பஞ்சாயத்தை அவள் நிறுத்திவிட்டாள். நிறுத்தியதில் மகளுக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. எட்டு மணி நெருங்கினால் அவள் கண் கடிகாரத்துக்கும் எனக்குமாகப் போய் வரும்.

இப்படி இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனைவி சபையில் பெண்கள் கூட்டத்துக்குப் போயிருந்தாள். வெளியே மழை. அவள் வருவதற்குள் சாளை மீன் கறியைச் சூடாக்கி வைப்போம் என்று எனக்கு ஒரு நல்லெண்ணம். மண்சட்டியை அடுப்பில் வைத்துத் தீயைக் கூட்டிவிட்டு, போனில் எதையோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். புகை நாற்றம் மூக்கில் ஏறிய பிறகுதான் ஓடினேன். கறி வற்றிக் கரியாகி இருந்தது. பதற்றத்தில் ஒரு செம்புத் தண்ணீரை எடுத்துச் சட்டியில் ஊற்றினேன். படார் என்று இரண்டாகப் பிளந்துவிட்டது.

எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு மீன் சட்டி என்றால் என்ன என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். சந்தையில் வாங்கியதும் அதில் கறி வைத்துவிட முடியாது. கஞ்சித் தண்ணீர் ஊற்றி, எண்ணெய் தடவி, மாதக் கணக்கில் பழக்க வேண்டும். பழகிய சட்டியில் வைத்தால்தான் கறி மறுநாளும் ருசிக்கும். அப்படிப் பழக்கி எடுத்த சட்டி அது.

சட்டியை ஒளித்து வைக்க இடம் தேடிக்கொண்டிருக்கும்போதே மனைவி குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். அப்புறம் ஏச்சு. ஏச்சு என்றால் சாதாரண ஏச்சு இல்லை.

"கண்ணு எங்க இரிந்துது? அந்த போனுக்குள்ளயா? ஏசி ரிப்பேர் பாக்கத் தெரியும், ஒரு சட்டிய எறக்கி வைக்கத் தெரியாது. சுட்ட சட்டியில பச்சத் தண்ணி ஊத்துவாளா யாராவது? ஒங்கள யாரு கறி சூடாக்கச் சொன்னா?"

நான் அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். இல்லாத கோபத்தைக் கொண்டுவந்து ஏசிப் பழகியவனுக்கு, உண்மையான கோபத்தின் முன்னால் எப்படி நிற்பது என்று தெரியவில்லை. என் கைகள் தாமாகப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டன. அறைத் திரைக்குப் பக்கத்தில் மகள் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாய் திறந்திருந்தது.

மனைவி சட்டித் துண்டுகளைத் தூக்கித் தென்னைமூட்டில் எறிந்தாள். திரும்ப வந்து முட்டையை உடைத்துக் கிண்ணத்தில் அடித்தாள். "ஒங்களுக்கு ஒண்ணு போதுமா, ரெண்டு வேணுமா?" என்று கேட்டாள். ரெண்டு என்றேன். அதோடு அது முடிந்தது.

நான் வெளியே வந்து வாசல் படியில் உட்கார்ந்தேன். மழை விட்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. திரும்பினால் போய்விடுவாள் என்று திரும்பவில்லை.

"அப்பா."

"என்ன மக்கா?"

"அம்ம இத யாருட்ட சொல்லுவா?"

"எத?"

"நீங்க சட்டி ஒடச்சத."

எனக்குப் புரிய ஒரு நொடி பிடித்தது. இவளுக்கு உலகத்தில் தப்பு என்றால் அது மேலே போக வேண்டும். அம்மாவுக்கு மேலே அப்பா. அப்பாவுக்கு மேலே யார்?

"யாருட்டயும் சொல்ல மாட்டா."

"எட்டு மணிக்கி?"

"எட்டு மணிக்கும் இல்ல. அம்ம ஏசியாச்சு இல்லியா? தீந்துது."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவள் ஒரு படி இறங்கி, என்னிலிருந்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். "ஒங்களுக்கு அழுக வந்துதா?" என்று கேட்டாள்.

"கொஞ்சம் வந்துது" என்றேன். பொய்யில்லை.

அவள் பாவாடை ஓரத்தைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தாள். "நான் ஒண்ணு சொன்னா ஏசுவியளா?"

ஏச மாட்டேன் என்று சொல்லத்தான் வாய் வந்தது. சொன்னால் நம்ப மாட்டாள். இத்தனை வருடம் அவள் கேட்ட என் குரல் அப்படி. "ஏசினாலும் ஏசுவேன்" என்றேன். "ஆனா அம்ம மாதிரிதான். ஏசி முடிச்சா தீந்துது. பொறவு ஒண்ணும் கெடையாது."

யோசித்தாள். பிறகு பாவாடையை முழங்கால் வரை இழுத்தாள். கெண்டைக்காலில் முகத்துக்குப் போடுகிற பவுடர் அப்பியிருந்தது. அதை அவளே விரலால் தட்டிவிட்டாள். அடியில் இரண்டு பல் பதிந்து, சுற்றிலும் சிவந்து கன்றியிருந்தது.

"பட்டி கடிச்சு" என்றாள். "பெரியப்பா வீட்டு ஓட்டுக் குவியலுக்க அடியில குட்டி போட்டிருக்கு. அம்ம போவாதன்னு சொல்லிச்சு. நான் குட்டியத் தூக்கினேன்."

"எப்போ மக்கா?"

"நேத்து."

நேற்று. ஒரு ராத்திரி முழுக்க இந்தப் பிள்ளை நாய்க்கடியைப் பவுடர் போட்டு மூடிக்கொண்டு என் பக்கத்து அறையில் படுத்திருக்கிறது. ஏசுவதாவது. அவளை அப்படியே தூக்கிக்கொண்டு வெளிக்குழாய்க்கு ஓடினேன். சோப்புப் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கழுவினேன், கழுவினேன், கழுவிக்கொண்டே இருந்தேன். சத்தம் கேட்டு மனைவி வந்தாள். கடியைப் பார்த்தாள். "எத்தற தடவ சொன்னேன்" என்று ஆரம்பித்தவள் அதற்கு மேல் சொல்ல முடியாமல், ஈரத் தரையிலேயே உட்கார்ந்து அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

பைக்கில் மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழி முழுக்க நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்று எனக்கே தெரியாது. டூட்டியில் இருந்த டாக்டரம்மா காயத்தைப் பார்த்தார், எங்கள் முகங்களைப் பார்த்தார்.

"நேத்து கடிச்சதா? பரவாயில்ல, இன்னைக்கே வந்துட்டீங்க. ஊசிய ஒழுங்கா முடிங்க, பயப்பட ஒண்ணும் இல்ல. ஏச்சுக்குப் பயந்து சொல்லாமலே வச்சிருக்கிற பிள்ளைங்க இருக்கு. இவ சொன்னாளே, கெட்டிக்காரி."

அந்த "பரவாயில்ல" காதில் விழுந்ததும் நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். ஆண்டவரே என்று வாய்விட்டே சொன்னேன். இவள் இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரு வாரம் பவுடர் போட்டுக்கொண்டே இருந்திருந்தால் என்ற நினைப்பு வந்தபோது அதை அங்கேயே அடித்து விரட்டினேன். சொல்லிவிட்டாள். அது போதும்.

கையில் ஒரு ஊசி. காயத்தைச் சுற்றி வேறு ஊசி. நர்ஸ் என்னைப் பிள்ளையை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு, எல்லா அப்பன்மாரும் சொல்வதைச் சொன்னேன். "நோவாது மக்கா, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்."

ஊசி காயத்தில் இறங்கியது. அவள் போட்ட அலறலில் வராந்தாவில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "பொய்யன்!" என்று கத்தினாள். "அப்பா பொய்யன்! நோவாதுன்னு சொன்னியே! நீ போ! நீ போ!" நீங்க, வாங்க எல்லாம் காற்றில் போய்விட்டது. இரண்டு கையாலும் என் நெஞ்சில் குத்தினாள். மூக்கைச் சட்டையில் துடைத்தாள். குத்திக்கொண்டே என் கழுத்தைக் கட்டிப் பிடித்தாள். நர்ஸ் சிரித்துக்கொண்டே, "அப்பாவுக்கு ஊசியவிட நல்ல அடி" என்றார். நான் குத்து வாங்கிக்கொண்டே இருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக நான் எதையும் வாங்கியதில்லை.

அந்த நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. டாக்டரம்மா நாயைக் கவனிக்கச் சொல்லியிருந்தார். நானும் அண்ணனும் தினமும் தூரத்தில் நின்று பார்ப்போம். நன்றாகத் தின்று, குட்டிகளை நக்கிக்கொண்டு, எங்களைப் பார்த்துக் குரைத்துக்கொண்டு சௌக்கியமாக இருந்தது. ஒவ்வொரு நாள் குரைப்பும் எனக்குத் தெம்பைக் கொடுத்தது.

வீட்டில்தான் இப்போது அமைதி இல்லை. மகள் எனக்கும் எதிர்ப்பேச்சு பேசுகிறாள். நானும் ஏசுகிறேன், இப்போது நிஜமாகவே ஏசுகிறேன், பனியனோடு. அவள் அழுவாள், கதவை அடிப்பாள், கொஞ்ச நேரத்தில் வந்து பென்சில் சீவித் தரச் சொல்வாள். "இதுக்குத்தான் என் ஆயுதத்தப் புடுங்கினியளா?" என்று மனைவி கேட்கிறாள். ஆனால் அவளும் இப்போது அங்கங்கே கேட்டு அங்கங்கே முடித்துக்கொள்ளப் பழகிவிட்டாள்.

அடுத்த ஊசிக்குப் போகிற நாளில் மனைவி சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். மகள் செருப்பு மாட்டிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ வேண்டாம்மா. நீ அழுவ. அப்பா வந்தா மதி."

நான் போதுமாம். மனைவி என்னைப் பார்த்தாள். நான் பைக் சாவி தேடுகிற சாக்கில் உள்ளே போனேன். சாவி என் பாக்கெட்டில்தான் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வர எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.